காலியாகாத சோப்பு பாட்டில்

ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. நேரில் யாரும் சொல்ல மாட்டார்கள். நான் தலையைத் திருப்பியதும் சொல்வார்கள். சோப்பு சிஸ்டர். எனக்குக் காது நன்றாகவே கேட்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது. நோயாளிகளுக்குத் தொற்று வராமல் பார்த்துக்கொள்வதுதான் எனக்குக் கொடுத்திருக்கும் வேலை. டாக்டராக இருந்தாலும் சரி, தள்ளுவண்டி தள்ளுகிறவராக இருந்தாலும் சரி, கையைக் கழுவாமல் ஒரு நோயாளியைத் தொட்டால் விட மாட்டேன். ஒருமுறை ஆபரேஷன் டாக்டர் ஒருவரை லிஃப்ட் வரைக்கும் துரத்திக்கொண்டு போய்க் கூட்டிவந்து கழுவ வைத்தேன். வீட்டிலும் இதே கெடுபிடிதான். என் வீட்டுக்காரர் வேலைவிட்டு வந்ததும் வாசலிலேயே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, "உள்ள வரலாமா, இல்ல இன்னைக்கும் சோதனை உண்டா?" என்று கேட்பார்.

இப்படிப்பட்டவளின் மூக்குக்குக் கீழேயே, குறைமாதக் குழந்தைகள் வார்டில், பதினாறு நாளில் மூன்று குழந்தைகளுக்கு இரத்தத்தில் ஒரே கிருமி வந்தது.

அந்த வார்டில் ஒன்பது கண்ணாடிப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு உயிர். தாய்மார்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் எங்களுக்கு இல்லை. பெட்டி நம்பர்தான் அவர்களுக்குப் பெயர். ஐந்தாம் நம்பர் அம்மா ஒரு தையல் கம்பெனியில் சட்டைக்குப் பொத்தான் வைக்கிற பெண். ஏழாவது மாதத்தில் பிறந்த அவள் மகளின் எடை ஒரு கிலோ நூறு கிராம். பிறந்த நாலாவது நாளிலிருந்து காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் அந்தக் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பாள். குழந்தைக்கு மூச்சு அவ்வப்போது நின்று நின்று வரும். அம்மாவின் நெஞ்சில் கிடக்கும்போது மட்டும் நிற்காது. மூச்சு நின்றால் கத்துகிற மெஷின் அந்த நாலு மணி நேரமும் வாயைத் திறக்காது. மருந்தில் பாதி அதுதான் என்று பெரிய டாக்டர் சொல்வார்.

கிருமி வந்த மூன்று குழந்தைகளில் இரண்டு தேறிவிட்டன. ஐந்தாம் நம்பர் தேறவில்லை.

நான் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். பால் பிழியும் பம்பு, மூச்சுக் குழாய், எடை பார்க்கும் தட்டு, குழாய்த் தண்ணீர், கதவுக் கைப்பிடி என்று ஒன்று பாக்கியில்லாமல் பஞ்சுக்குச்சியால் துடைத்து லேபுக்கு அனுப்பினேன். எல்லாம் சுத்தம் என்று வந்தது. பிறகு ஆட்களின் கைகளைத் துடைத்தேன். டாக்டர்கள் கை சுத்தம். நர்ஸுகள் கை சுத்தம். தாய்மார்களில் நாலு பேர் கையில் அந்தக் கிருமி இருந்தது. எல்லாரையும் விட அதிகமாக இருந்தது ஐந்தாம் நம்பர் அம்மாவின் கையில். அத்தனை பேரையும் கழுவிவிட்டு வரச்சொல்லி, கழுவி முடித்த கையைத்தான் நான் துடைத்திருந்தேன்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ரிசல்ட் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவிலேயே அவளைப் பிடித்தேன்.

"ஏம்மா, எத்தனை தடவ சொல்லிக்குடுத்தேன்? விரல் நடுவுல, நகத்துக்குக் கீழ, கட்டைவிரலைச் சுத்தி. உன் கையப் பிடிச்சே காட்டினேனே?"

"கழுவினேன் சிஸ்டர்."

"கழுவின கையில எப்படிம்மா கிருமி வரும்? தண்ணியில நனைச்சிட்டு வந்துட்டா கழுவினதா ஆயிடுமா?"

"தெரியல சிஸ்டர். ஆனா கழுவினேன்."

"பிள்ளை மேல பாசம் இருந்தா மட்டும் பத்தாது. கொஞ்சம் பொறுப்பும் இருக்கணும்."

அதைச் சொன்னபோது வராந்தாவில் வேறு நாலு தாய்மார்களும் இருந்தார்கள். அவள் அழவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். இப்போது நினைத்தாலும் என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அன்றே உத்தரவு போட்டோம். மறு அறிவிப்பு வரும்வரை தாய்மார்கள் யாரும் உள்ளே வரக் கூடாது, குழந்தையைத் தொடக் கூடாது. பாலைப் பாத்திரத்தில் பிழிந்து வாசலில் கொடுத்தால் நர்ஸ் வாங்கிக்கொள்வாள். உத்தரவை எழுதியது நான். கதவில் ஒட்டியதும் நான்.

அதற்குப் பிறகு ஐந்தாம் நம்பர் அம்மா வராந்தாவில் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றாள். உட்காரச் சொன்னால் உட்காருவாள், அஞ்சு நிமிஷத்தில் திரும்ப எழுந்து நிற்பாள். உள்ளே மெஷின் கத்தும் சத்தம் வெளியே கேட்காது. ஆனால் சிவப்பு விளக்கு எரிவது தெரியும். விளக்கு எரியும்போதெல்லாம் அவள் கை தானாக நெஞ்சுக்குப் போகும். ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை எரிந்த விளக்கு இருபது முறை எரிய ஆரம்பித்தது.

இன்னொன்றும் செய்தாள். மணிக்கு ஒருமுறை வராந்தாக் கோடியில் தாய்மார்களுக்கென்று வைத்திருந்த தொட்டிக்குப் போய்க் கை கழுவினாள். உள்ளே விடப்போவதில்லை, பிறகு எதற்குக் கழுவுகிறாள்? என் கண்ணில் படவேண்டும் என்று நாடகம் ஆடுகிறாள் என்று நினைத்தேன். நான் நல்லவள்தான், ஆனால் சந்தேகம் வந்துவிட்டால் எனக்குக் கண் தெரியாது.

உத்தரவு போட்ட ஆறாம் நாள் காலையில் பெரிய டாக்டர் ஐந்தாம் பெட்டிக்கு ஆக்ஸிஜனைக் கூட்டிவிட்டு, மருந்தையும் மாற்றினார். இன்னும் இரண்டு நாளில் ஏதாவது தெரியவேண்டும், இல்லையென்றால் கஷ்டம் என்றார். அவர் போனதும் அந்தப் பெண் என் பின்னாலேயே வந்தாள்.

"சிஸ்டர், ஒரே ஒரு தடவ. தூக்கிக்கல. ஒரு விரலால தொட்டுக்கிறேன். நீங்களே பக்கத்துல நின்னு கழுவி விடுங்க. எத்தனை தடவ வேணும்னாலும் கழுவுங்க."

"முடியாதும்மா. உன் பிள்ளை நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"அதுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா, நான் தொடாமலே..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. ஆனாலும் முடியாது என்றுதான் சொன்னேன். அதே பெண்ணின் கையில்தானே கிருமி இருந்தது?

அன்று பதினோரு மணிவாக்கில் வாளியக்கா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். வாளியக்கா அந்த வார்டைச் சுத்தம் செய்கிறவர். பதினோரு வருஷமாக அவர் போகிற இடமெல்லாம் ஒரு நீல வாளியும் கூடவே போவதால் அந்தப் பெயர். என்னை விட ஆறேழு வயது மூத்தவர். அவர் துடைத்த தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம். அந்த ஆஸ்பத்திரியில் நான் ஒருமுறைகூடக் குறை சொல்லாத ஆள் யாரென்று கேட்டால், கடந்த மூன்று வருஷமாக அவர் ஒருவர்தான்.

"சிஸ்டர், நான் சொல்றேன்னு கோச்சுக்கக் கூடாது. அந்தப் பொண்ண நீங்க திட்டினது தப்பு."

"என்னக்கா தப்பு?"

"அது கழுவாத பொண்ணு இல்ல. இந்த வார்டுல அதை மாதிரிக் கழுவுற ஆளே கிடையாது. விரலெல்லாம் வெடிச்சுப்போய்க் கிடக்கு, பாத்தீங்களா? மத்த அம்மாங்க இருக்கும்போதெல்லாம் பாட்டில நான் நாளைக்கு ஒரு தடவ ரொப்புவேன். அது வந்த நாளா ரெண்டு தடவ ரொப்புறேன். பாதி இறங்கிடும், உடனே ரொப்பிடுவேன். அது கைய வச்சு, சோப்பு இல்லன்னு திரும்பி வரக் கூடாதுல்ல?"

நான் தலையாட்டிக்கொண்டே நாலு எட்டு நடந்துவிட்டேன். அப்புறம்தான் கால் நின்றது.

"அக்கா, பாதி இருக்கும்போதே ரொப்பிடுவீங்களா?"

"ஆமா. காலியாக விட்டதே இல்லையே."

"அப்போ அந்தப் பாட்டிலக் கடைசியா எப்பக் கழுவினீங்க?"

வாளியக்கா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "பாட்டிலக் கழுவுறதா? உள்ள இருக்கிறதே சோப்புதான சிஸ்டர். சோப்பப் போய் யாராவது கழுவுவாங்களா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொட்டிக்குப் போய் அந்தப் பாட்டிலின் மூடியைத் திருகி எடுத்தேன். மேலே ரோஸ் நிறத்தில் பளபளவென்று சோப்பு. உள்ளே இறங்கியிருந்த குழாயை வெளியே இழுத்தால், அடிப்பாகம் முழுக்க வழவழவென்று ஒரு பாசி. பாட்டிலின் அடியிலும் அதேதான். எத்தனை மாதத்துப் பழைய சோப்போ, எத்தனை பேர் ஈரக்கை பட்டுத் தண்ணீர் இறங்கியதோ, ஒரு நாளும் முழுசாகத் தீராமல் புதுசுக்கு அடியிலேயே கிடந்து ஊறியிருக்கிறது. நர்ஸுகளும் டாக்டர்களும் இந்தச் சோப்பைத் தொடுவதில்லை. எங்களுக்கு ஒவ்வொரு பெட்டியிலும் சீல் வைத்த சானிடைசர் தொங்குகிறது, தீர்ந்தால் தூக்கிப்போட்டுவிட்டுப் புதுசு மாட்டுவோம். இந்தத் தொட்டி தாய்மார்களுக்கு மட்டும். கதவைத் துடைத்தேன், தட்டைத் துடைத்தேன், தண்ணீரைப் பிடித்தேன். சோப்பை மட்டும் நான் துடைக்கவில்லை. சோப்பு சிஸ்டருக்குச் சோப்பின் மேல் சந்தேகம் வரவில்லை.

அப்போதே அந்தப் பாட்டிலோடு தளத்திலிருந்த மற்ற பாட்டில்களையும் எடுக்கவைத்தேன். தொட்டியைத் தேய்த்துக் கழுவச்சொல்லி, தாய்மார்களுக்கும் சானிடைசர் வைத்தேன். பாட்டிலில் இருந்த சோப்பும், ரொப்புகிற பெரிய கேனில் இருந்த சோப்பும் லேபுக்குப் போயின. இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எட்டாம் நாள் மத்தியானம் லேப்காரர் போன் பண்ணினார்.

"சிஸ்டர், உக்காந்திருக்கீங்களா, நிக்கிறீங்களா?"

"நின்னுட்டுதான் இருக்கேன், சொல்லுங்க."

"உக்காந்துக்குங்க. கேன்ல இருக்கிற சோப்பு சுத்தம். பாட்டில்ல இருந்தது மோசம். குழந்தைங்க ரத்தத்துல இருந்த அதே கிருமி. அந்தச் சோப்பப் போட்டா கை சுத்தமாகாது சிஸ்டர், கை பூரா கிருமியப் பூசிக்கிறதுதான்."

நான் உட்கார்ந்தேன். வார்டிலேயே அதிகமாகக் கழுவிய கையில் ஏன் அதிகமாகக் கிருமி இருந்தது என்பது அப்போது விளங்கியது. கழுவினேன் சிஸ்டர் என்று அவள் இரண்டு முறை சொன்னாள். இரண்டு முறையும் உண்மையைத்தான் சொன்னாள்.

மறுநாள் காலை கூட்டம். நிர்வாக அதிகாரி, பெரிய டாக்டர், நான். அதிகாரிக்கு விஷயம் சட்டென்று பிடிபட்டது, சட்டென்று முடிவும் கிடைத்துவிட்டது.

"ஆக, தப்பு அந்தச் சுத்தம் பண்ற அம்மா மேல. இன்னைக்கே காண்டிராக்டுக்காரங்ககிட்டச் சொல்லி அந்த அம்மாவ நிறுத்திடுவோம். பாட்டிலும் மாத்தியாச்சு. தாய்மார்ங்ககிட்ட எதுவும் சொல்லிக்க வேண்டாம், சும்மா பயந்துடுவாங்க."

கேட்பதற்கு எவ்வளவு சுலபமாக இருந்தது தெரியுமா? ஒரு நிமிஷம் நானும் வாயை மூடிக்கொண்டிருக்கலாமா என்று நினைத்தேன். பொய் சொல்லவில்லை, நினைத்தேன். ஆனால் முந்தின நாள் சாயங்காலம் நான் பழைய ஃபைல்களை எடுத்துப் பார்த்திருந்தேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், வார்டுச் சோதனையில் அந்தத் தொட்டியில் பாட்டில் காலியாக இருந்தது. வாளியக்காவை எல்லார் முன்னாலும் நிறுத்திவைத்துக் கேட்டேன். சோதனைத் தாளில் புதிதாக ஒரு கட்டம் போட்டு, பாட்டில் காலியாக இருந்தால் வார்டுக்குப் பத்து மதிப்பெண் குறையும் என்று எழுதினேன். அன்றிலிருந்து வாரத்துக்கு ஒரு தாள். நூற்றைம்பது தாளுக்கு மேல் இருந்தது. ஒவ்வொன்றிலும் 'காலி இல்லை' என்று டிக் போட்டு என் கையெழுத்து. பாட்டிலைக் கழுவினார்களா என்று கேட்க ஒரு கட்டம் கிடையாது. போதாக்குறைக்கு, போன வருஷம் நம்பர் ஒன் வார்டு என்று நானே ஒரு சான்றிதழும் கொடுத்திருந்தேன். வாளியக்கா அதைக் கண்ணாடி போட்டு அந்தத் தொட்டிக்கு மேலேயே மாட்டிவைத்திருந்தார்.

தாள்களை மேஜையில் வைத்தேன்.

"நிறுத்தறதா இருந்தா முதல்ல என்னை நிறுத்துங்க. காலியாக விடாதேன்னு அந்தக்காவ மிரட்டினது நான். காலியான பிறகு கழுவிக் காயவச்சு மாத்தணும்னு சொல்லிக்குடுக்காததும் நான். நான் என்ன கேட்டேனோ அதைத்தான் அவங்க ஒரு நாள்கூடத் தவறாம செஞ்சாங்க. இன்னொன்னு, அம்மாங்ககிட்ட நான் சொல்லப்போறேன். அந்தப் பொண்ண நாலு பேர் முன்னாடி திட்டினேன் சார். அதே நாலு பேர் முன்னாடி சொல்லணும்."

பெரிய டாக்டர் ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். "எல்லாம் உங்க கையெழுத்துதானா?"

"எல்லாம் என்னோடதுதான் டாக்டர்."

எனக்கு ஒரு மெமோ கொடுத்தார்கள். நியாயமான மெமோ. வாளியக்காவை நிறுத்தவில்லை.

அவரிடம் விஷயத்தைச் சொன்னபோது வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். முகத்தில் ஈயாடவில்லை. "என் கையால ஊத்தி ஊத்தி..." என்று மட்டும் சொன்னார்.

"உங்க கையில்லக்கா, நம்ம கை. உங்களுக்கு முன்னாடி என் கை." அவர் சமாதானமானதாகத் தெரியவில்லை. எழுந்துபோய் அந்தச் சான்றிதழைச் சுவரிலிருந்து கழற்றினார்.

தாய்மார்கள் வராந்தாவில் இருந்தார்கள். இரண்டு முறை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனதெல்லாம் அவர்கள் முகத்தைப் பார்த்ததும் மறந்துவிட்டது. உள்ளதை உள்ளபடி சொன்னேன். உங்கள் கையில் குறையில்லை, நாங்கள் கொடுத்த சோப்பில்தான் கிருமி இருந்தது என்றேன். பிறகு ஐந்தாம் நம்பர் அம்மாவின் பக்கம் திரும்பினேன்.

"நீ கழுவினம்மா. நான்தான் நம்பல. பொறுப்பில்லன்னு உன்னப் பாத்துச் சொன்னேனே, அது எனக்குச் சேரவேண்டிய வார்த்தை. மன்னிச்சிடும்மா."

அவள் வெடித்துப்போயிருந்த தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ, நான் கழுவாமலே தொட்டிருந்தேன்னா?"

இத்தனை வருஷத்தில் கை கழுவுவதைப் பற்றி என்னிடம் யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. சமாளிக்க ஆயிரம் பதில் எனக்குத் தெரியும்.

"இந்தக் கிருமி வந்திருக்காதும்மா," என்றேன்.

அவள் சுவரோரமாகச் சாய்ந்து அழுதாள். அந்த ஒன்பது நாளில் அவள் அழுது நான் பார்த்தது அப்போதுதான். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். ஒன்பதாம் நம்பர் அம்மா அவளைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். எனக்கு அது வேண்டியதுதான்.

உள்ளேயிருந்து பெரிய டாக்டர் வந்தார். புது மருந்து பிடித்திருக்கிறது என்றார். "பொழைச்சிட்டாள்னு இன்னைக்கே சொல்ல மாட்டேன். ஆனா திரும்புறா. ஆக்ஸிஜனக் கொஞ்சம் குறைச்சிருக்கோம். இனிமே மருந்து மட்டும் பத்தாது." பிறகு என்னைப் பார்த்து, "சிஸ்டர், அம்மாவ உள்ள அனுப்புங்க," என்றார்.

கதவில் நான் ஒட்டியிருந்த உத்தரவை நானே கிழித்தேன்.

ஐந்தாம் நம்பர் அம்மா தொட்டிக்கு முன்னால் போய் நின்றாள். புதுத் தொட்டி மாதிரி தேய்த்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் சீல் பிரிக்காத ஒரு சின்ன சோப்பு பாட்டில் இருந்தது. தீர்ந்தால் தூக்கிப்போடுகிற ரகம். அவள் கையைத் தூக்கினாள், பாட்டில் வரைக்கும் கொண்டுபோனாள், தொடவில்லை. கையைக் கீழே இறக்கிக்கொண்டாள். மறுபடி தூக்கினாள். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. ஆனால் இந்த முறை சொல்லிக்கொடுக்கவும் எனக்கு வாயில்லை.

வாளியக்கா வந்தார். அன்று கையில் வாளி இல்லை.

"பழைய பாட்டில ரொப்பினது நான்தாம்மா," என்றார். "நீ வந்து கேட்டா சோப்பு இல்லாமப் போயிடக் கூடாதேன்னு ரொப்பினேன். எனக்குத் தெரியாதும்மா."

அந்தப் பெண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டு கையையும் அவர் முன்னால் நீட்டினாள்.

வாளியக்கா அவள் கண் முன்னாலேயே பாட்டிலின் சீலைப் பிரித்து, முதலில் தன் கையில் ஊற்றித் தேய்த்துக் கழுவிக் காட்டினார். அப்புறம் அவள் கையில் ஊற்றினார். வெடிப்பில் எரிந்திருக்க வேண்டும், அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். விரல் நடுவில், நகத்துக்குக் கீழே, கட்டைவிரலைச் சுற்றி. நான் சொல்லிக்கொடுத்த வரிசை, ஒன்றும் தப்பவில்லை.

கழுவி முடித்துக் காகிதத்தில் துடைத்துக்கொண்டு அவள் கதவுக்கு வந்தாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐந்தாம் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே ஓடுவாள் என்று நினைத்தேன். என் முன்னால் நின்று, பழக்கத்தில், இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள்.

"கழுவிட்டேன் சிஸ்டர்."

"தெரியும்மா," என்றேன். "போ. பாப்பா காத்துட்டிருக்கா."